ராஜபாளையம்: வெள்ளை நிற விதியும் செவிட்டுக் குட்டிகளும் – தரநிலையைத் திருத்துவது யார்?

#1 செவிப்பறை

ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஷோ மைதானத்தில் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை: இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் தொடர்ந்து விழுகின்றன. ரிங்கில் எடுபடுவது பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண். காதில் ஒரு பழுப்புத் திட்டு இருந்தால் அந்தக் குட்டி காவலுக்குப் போய்விடும், இனப்பெருக்கத்துக்கு நிறுத்த மாட்டார்கள். தலைமுறைக் கணக்கில் இப்படியே கழித்து வந்தால் மிஞ்சுவது என்ன?

நிறம் தரும் மெலனோசைட் செல்கள் கருவில் முதுகை ஒட்டிய நரம்பு முகட்டில் உருவாகி அங்கிருந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. மூக்கு நுனி, வால் நுனி எல்லாம் கடைசி நிறுத்தங்கள். வெள்ளைத் திட்டு மரபணு அந்தப் பயணத்தைக் குறைக்கிறது. இதே செல்கள் உள்காதுக்கும் போயாக வேண்டும். காக்லியாவின் பக்கச் சுவரில் ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்ற படலம் இருக்கிறது. அங்கே மெலனோசைட் இருந்தால்தான் காதுத் திரவத்தில் பொட்டாசியம் அளவு நிற்கும். இல்லையென்றால் பிறந்து 3–4 வாரத்தில் படலம் சுருங்கி, ஒலியை வாங்கும் செல்கள் செத்துவிடும். மருந்து கிடையாது. மூக்கில் நிறமே கூடாது என்று பொறுக்குகிறவர், காதிலும் நிறம் வேண்டாம் என்றுதான் தன்னையறியாமல் பொறுக்குகிறார்.

இனத் தரநிலைக்கு, அதாவது நாய் எப்படி இருக்க வேண்டும் என்று ரிங்கில் மதிப்பிட எழுதி வைத்த விதிக்கு, என் முன்மொழிவு: தலை, காதுத் திட்டுகளைக் குறையாக எண்ணக் கூடாது. மூக்கு எந்த நிறத்திலும் இருக்கலாம். இரண்டு காதும் கேட்கிறது என்ற பேயர் (ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின்னலையை அளக்கும்) சோதனைச் சான்று இல்லாத நாய்க்கு சாம்பியன் பட்டம் கூடாது.

#2 மூன்றாம் ரிங்

முதல் இரண்டையும் எதிர்க்கிறேன். மூன்றாவதைப் பேசலாம்.

வெள்ளையை எடுத்துவிட்டால் ராஜபாளையத்துக்கு என்ன அடையாளம் மிஞ்சும்? மார்பு ஆழம், ஏறிய வயிறு, நீண்ட முகம் எல்லாம் மற்ற தெற்கத்தி வேட்டை நாய்களுக்கும் உண்டு. கலப்படம் ஏற்கெனவே தலைக்கு மேல் போகிறது. எடை கூட்ட வேண்டும் என்று டோகோ அர்ஜென்டினோ, கிரேட் டேன் போன்ற கனத்த வெளிநாட்டு இனங்களை எல்லாம் கலக்கிறார்கள். திட்டு இருந்தாலும் சரி என்று எழுதிக் கொடுத்தால் கலப்படக் குட்டிக்கு ரிங் கதவை அகலத் திறந்துவிட்ட மாதிரிதான். நடுவர் கையில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம். நிறம் என்ற ஒரு வெளிப்படையான வடிகட்டியையும் பிடுங்கிவிட்டால் அவர் எதை வைத்துத் தள்ளுவார்?

#3 செவிப்பறை

மூன்றாம் ரிங் சார், டோகோ என்ன நிறம்? அதுவும் வெள்ளை. வெள்ளை விதி டோகோ கலப்பைப் பிடிக்காது, மறைத்துத்தான் கொடுக்கும். வெள்ளைக் குட்டிதான் விலை போகும் என்பதால்தான் கலக்கிறவர் டோகோவைத் தேடுகிறார்.

இன்னொன்று. டோகோவின் எஃப்சிஐ (பல நாட்டு கென்னல் கிளப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு) தரநிலையே கண்ணைச் சுற்றி ஒரு கரும் திட்டை அனுமதிக்கிறது, தலையின் பரப்பில் 10%க்கு மிகாமல். வெள்ளை நாய்க்கே பேர்போன இனம் அது. அந்த ஒரு திட்டால் அதன் அடையாளம் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

கலப்பைப் பிடிக்க வேண்டுமானால் எலும்பைப் பாருங்கள். நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் ராஜபாளையத்தில் லேசாகத்தான் இருக்கும், கலப்பில் படி மாதிரி இறங்கும். மேலுதடு தொங்கி வாய் மூலை ஈரமாக இருக்கும். கழுத்தடியில் தோல் மடியும். முன்னங்கால் இரண்டுக்கும் இடையில் கை வைத்தால் மார்பு அகலம் சொல்லிவிடும். கன்னத் தசை புடைத்திருக்கும். இவையெல்லாம் ரிங்கில் முப்பது விநாடியில் தொட்டுப் பார்த்துவிடக் கூடியவை.

#4 புள்ளிக்கணக்கு

எண்ணிக்கை கேட்பவர்களுக்காக. புல் டெரியரில் வெள்ளை நாய்களில் ஏறக்குறைய 20% ஒரு காதாவது கேளாதவை. அதே இனத்தின் நிற நாய்களில் 1–2%தான். ஒரே இனம், ஒரே உடற்கட்டு, வித்தியாசம் நிறம் மட்டும்.

அமெரிக்க டால்மேஷன்களில் ஏறக்குறைய 30% பாதிப்பு: 22% ஒரு காது, 8% இரண்டு காதும். டால்மேஷன் குட்டி வெள்ளையாகப் பிறக்கும், புள்ளிகள் பத்து நாளுக்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். பிறக்கும்போதே நிறத்தோடு வருவது புள்ளி அல்ல, திட்டு. திட்டுள்ள குட்டிகளில் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் திட்டு வந்தால் அமெரிக்கத் தரநிலைப்படி ரிங்கில் தகுதி நீக்கம். நன்றாகக் கேட்கும் குட்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, குட்டிகளுக்கு ஏன் காது கேட்கவில்லை என்று கருத்தரங்கு போடுகிறார்கள்.

ராஜபாளையத்துக்கு இந்த விகிதத்தை அப்படியே தூக்கி ஒட்டாதீர்கள். செவிட்டுக்குக் காரணம் ஒன்றேதான், ஆனால் எண்ணிக்கை தனியாக எடுத்தாக வேண்டும்.

#5 கரிசக்காடு

அண்ணே, இதுக்கெல்லாம் மெஷின் எதுக்கு? குட்டி தூங்கும்போது பின்னாடி நின்னு தட்டைத் தட்டினா தெரிஞ்சிடப் போவுது. ஊர்ல காலங்காலமா அப்படித்தானே பாக்குறாங்க.

#6 அலைவரி

@கரிசக்காடு தம்பி, தட்டைத் தட்டினால் மூன்று விதமாக ஏமாறலாம். தரையதிர்வும் காற்றசைவும் செவிட்டுக் குட்டியையும் எழுப்பிவிடும். கூடப்பிறந்தவை எழுந்தால் அதுவும் கூட எழும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு காது மட்டும் கேளாத குட்டி எந்தத் தட்டுக்கும் திரும்பிப் பார்க்கும். ஒலி எந்தத் திசையில் என்பதில் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவே. வீட்டில் குழப்பம் இல்லாமல் வளர்ந்து, ரிங்கில் பட்டம் வாங்கி, ஊரெல்லாம் பெட்டைகளுக்கு விடப்படுவது இந்த நாய்தான்.

பேயர் சோதனை, மனிதக் குழந்தைகளுக்கு காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எடுக்கும் பெரா சோதனையின் அதே தத்துவம். செய்முறை:

குட்டிக்கு 35 நாள் முடிந்திருக்க வேண்டும். காதுத் துளை திறப்பது இரண்டாவது வாரத்தில். சேதம் முழுமையாவது அதற்குப் பிறகு. நான்கு வாரத்தில் எடுத்தால், அழிந்துகொண்டிருக்கும் காதுகூட அலை காட்டி ஏமாற்றலாம்.

மெல்லிய ஊசி மின்முனைகள் உச்சந்தலையிலும் காதடியிலும் தோலுக்கு அடியில் போகும், இன்னொன்று தரை இணைப்பு. காதுக்குள் நுரைச் செருகு வழியாக நூற்றுக்கணக்கான 'கிளிக்' ஒலி. மறு காதில் இரைச்சல் கொடுத்து மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல காது மண்டையோட்டு வழியாகக் கேட்டு, செவிட்டுக் காதுக்கு 'பாஸ்' வாங்கித் தந்துவிடும். கிளிக் தொடங்கி 10 மில்லி விநாடிக்குள் வரிசையாகச் சிகரங்கள் வந்தால் கேட்கிறது. கோடு தட்டையாகக் கிடந்தால் இல்லை. வயிறு நிறைந்து தூங்கும் குட்டிக்கு மயக்க மருந்து தேவைப்படாது. துள்ளினால் தசை மின்னோட்டம் கலந்து கோடு கந்தலாகிவிடும்.

வளர்ந்த நாய்க்கு எடுக்கும்போது முதலில் காதைச் சுத்தம் பார்க்கவும். மெழுகும் சீழும் அடைத்திருந்தால் சிகரங்கள் தாமதமாக, சிறியதாக வரும். அது பிறவிச் செவிடு அல்ல. அந்த நாயை அதற்காகக் கழிப்பது அநியாயம்.

#7 மூன்றாம் ரிங்

சோதனை சரி. ஆனால் யார் கட்டாயமாக்குவது? இழையின் தலைப்பே அதுதானே. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவா, அரசா, ஊர் வளர்ப்பாளர்களா?

#8 ஆவணப்பெட்டி

தரநிலையின் சொந்தக்காரர் யார் என்பதற்கு உலகத்தில் ஒரே பதில் இல்லை.

எஃப்சிஐ முறையில், இனம் எந்த நாட்டுக்குரியதோ அந்த நாட்டின் தேசிய அமைப்பு எழுதியதுதான் தரநிலை. அமெரிக்காவில் தாய்க் கழகம் (அந்த இனத்துக்கான தேசியக் கழகம்) வரைந்து, உறுப்பினர் வாக்கெடுத்து, அமெரிக்கன் கென்னல் கிளப் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறை திருத்தினால் ஐந்தாண்டுக்குத் திரும்பத் தொட முடியாது. பிரிட்டனில் உரிமை மைய அமைப்பிடமே. இனக் கழகங்கள் ஆலோசனை சொல்லலாம். 2008இல் இன நாய்களின் நோய்களைக் காட்டிய பிபிசி ஆவணப்படம் கிளப்பிய புயலுக்குப் பிறகு, 2009 தொடக்கத்திலேயே பல தரநிலைகளை ஒருசேர மாற்ற முடிந்தது அதனால்தான். உடன்பிறப்பு இணை, பெற்றோர்–குட்டி இணை இவற்றின் ஈத்தைப் பதிவதில்லை என்ற விதியும் அதே ஆண்டு வந்தது. இனக் கழக வாக்குக்கு விட்டிருந்தால் இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் சிக்கல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) எஃப்சிஐயோடு இணைந்தது. அதற்கு வெளியே இந்தியன் நேஷனல் கென்னல் கிளப் தனிப் பதிவேடு நடத்துகிறது. கர்நாடகத்து வேட்டை நாய் ஒன்று கேசிஐயில் கேரவன் ஹவுண்ட், அங்கே முதோல் ஹவுண்ட். மூன்றாவதாக கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம். நாய் இனங்களில் முதலில் அது பதிந்த மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்ட். அவர்கள் செய்வது தரநிலை அல்ல. கிராமத்தில் இருக்கிற நாய்களை அளந்து, உயரம் இவ்வளவிலிருந்து இவ்வளவு, நிறம் இன்னின்ன என்று இருப்பதை எழுதுகிறார்கள். கேசிஐ எழுதுவது இருக்க வேண்டியதை. வேலை வேறு, இரண்டையும் குழப்பித்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

என் கருத்து: திருத்தும் அதிகாரம் மைய அமைப்பிடம் இருப்பதே நல்லது, ஆனால் இருப்பதை அளந்த தரவு இல்லாமல் இருக்க வேண்டியதை எழுதக் கூடாது.

#9 கரிசக்காடு

அப்போ கன்னி விஷயம்? கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே நாய், நிறம்தான் வேறன்னு ஒரு கூட்டம், இல்லவே இல்லைன்னு ஒரு கூட்டம். ஒரே ஈத்துல ரெண்டும் விழுதுன்னும் சொல்றாங்க.

#10 புள்ளிக்கணக்கு

விழலாம். கருப்பு உடம்பும் புருவம், கன்னம், கால்களில் செம்பழுப்பும் சேர்ந்த கன்னி நிறம் ஏஎஸ்ஐபி மரபணுவின் ஒடுங்கு வடிவம். செவலை அதற்கு ஓங்கு. செவலைத் தாய், செவலைத் தகப்பன், இரண்டும் ஒடுங்கு வடிவத்தை ஒளித்து வைத்திருந்தால் ஒவ்வொரு குட்டியும் கன்னி நிறத்தில் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கன்னியோடு கன்னி சேர்த்தால் இந்த இடத்தில் எல்லாம் கன்னியே. ஆகவே கன்னியைத் தனியாக மூடி வளர்க்க முடியும். சிப்பிப்பாறையிலிருந்து கன்னி நிறத்தை முழுக்க விலக்கத்தான் கன்னச் சவ்வு எடுத்து டிஎன்ஏ சோதனை வேண்டும்.

நிறத்தால் இனம் பிரிப்பதா என்பது மரபணு சொல்லும் விஷயம் அல்ல, நிர்வாக முடிவு. பெல்ஜியன் ஷெப்பர்டு எஃப்சிஐயில் ஒரே இனம், நான்கு வகை. அமெரிக்காவில் நான்கு தனி இனம். நாரிச், நார்ஃபோக் டெரியர்களை காது நிமிர்ந்ததா மடிந்ததா என்று பார்த்து பிரிட்டன் 1964இல் பிரித்தது, அமெரிக்கா 1979இல். பிரிப்பதால் வரும் நட்டம் மட்டும் எங்கும் ஒன்று: இனப்பெருக்கக் குளம் இரண்டாகச் சுருங்கும். சில நூறு நாய்கள் உள்ள இனத்துக்கு அது விளையாட்டு அல்ல.

#11 நெறியாளர்

கன்னி–சிப்பிப்பாறைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே ராஜபாளையம் மட்டும்.

#12 தாய்ப்பெட்டை

ஊர் வளர்ப்பாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். நாளைக்கே பேயர் கட்டாயம் என்றால் என்ன ஆகும்? நகரத்தில் நான்கு நாய் வைத்திருப்பவர் காரில் ஏற்றிக்கொண்டு போய் எடுத்துவிடுவார். விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தில் பதிவுப் பேப்பர் இல்லாமல் நல்ல லைன் (வம்சம்) வைத்திருப்பவர் பதிவுப் பக்கமே வர மாட்டார். பதிவேட்டில் மிஞ்சுவது நகரத்து நாலு லைன். அப்புறம் பட்டம் வாங்கிய ஒரே கடுவனுக்கு எல்லாப் பெட்டையும் போகும். பாதிச் சகோதரங்களை இணைத்தால் உள்ளிணைக் கெழு (உறவுக்குள் இணைத்ததன் அளவு) 12.5%, முழுச் சகோதரம் 25%. செவிட்டைத் தடுக்கப் போய் ஈத்து அளவு சுருங்கி, குட்டி நிற்காமல் போகும்.

எஃப்சிஐயில் ஒரு இனம் ஏறுவதற்குக் கேட்பதே ஒன்றுக்கொன்று உறவில்லாத எட்டு லைன், லைனுக்கு இரண்டு கடுவன், ஆறு பெட்டை, மூன்று தலைமுறைக்குள் பொது மூதாதை கூடாது என்று. அந்த எட்டு லைன் கிராமத்தில்தான் இருக்கிறது, ஷோவில் இல்லை.

அதனால் முதலில் திறந்த பதிவு. ஊருக்கே போய் முகாம் போட்டு, நடுவர் பார்த்து, தோலுக்கடியில் அடையாள சிப் போட்டு, அங்கேயே பேயர் எடுத்து, திட்டு உள்ள நாயையும் சேர்த்துப் பதியுங்கள். கட்டாயம் பிறகு.

#13 மூன்றாம் ரிங்

தாய்ப்பெட்டை அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'கட்டாயம் பிறகு' என்பது எங்கேயும் 'எப்போதும் இல்லை' என்றுதான் முடிந்திருக்கிறது.

#14 ஆவணப்பெட்டி

அதற்கு உதாரணம் டால்மேஷன் சிறுநீர்க் கல் கதை. அந்த இனம் முழுவதும் எஸ்எல்சி2ஏ9 மரபணுக் குறை பரவி, யூரிக் அமிலம் கூடி யூரேட் கல் வந்தது. இனத்துக்குள் நல்ல பிரதியே அரிது என்பதால் 1973இல் அமெரிக்காவில் பாயிண்டர் என்ற வேறு இன நாய் ஒன்றை மட்டும் சேர்த்து, பிறகு தலைமுறை தோறும் டால்மேஷனோடே திருப்பி இணைத்தார்கள். நான்கு முறை திருப்பி இணைத்தாலே 96.9% டால்மேஷன். 1981இல் இரண்டு நாய்களைப் பதிந்த அமெரிக்கன் கென்னல் கிளப், தாய்க் கழக எதிர்ப்பால் கதவை மூடியது. மறுபடி திறந்தது 2011இல். நடுவில் முப்பது வருடம். 'தூய்மை கெடும்' என்பதுதான் அப்போதும் வாதம்.

ராஜபாளையத்துக்கு வெளியிலிருந்து எதுவும் கொண்டுவரத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். நிறமுள்ள குட்டிகள் இனத்துக்குள்ளேயே விழுகின்றன. புல் டெரியரிலும் முதலில் வெள்ளைதான் சட்டம். நிற நாய்களை அமெரிக்கா 1936இல் தனி வகையாக ஏற்றது. வெள்ளை வகை இன்றும் இருக்கிறது, நிற வகையும் இருக்கிறது. ராஜபாளையத்திலும் 'வெள்ளை', 'திட்டுள்ளது' என்று இரண்டு வகுப்பு வைத்து, இணை சேர்ப்பை மட்டும் கலந்து அனுமதிக்கலாம். மூன்றாம் ரிங் சாரின் அடையாளக் கவலைக்கும் அது பதில்.

#15 மூன்றாம் ரிங்

இரண்டு வகுப்பு என்றால் நான் எதிர்க்க மாட்டேன். ஒரு நிபந்தனை: வகுப்பு வேறானாலும் சான்று விதி ஒன்றே. திட்டு இருக்கிறது, ஆகவே காது கேட்கும் என்று யாரும் தப்பிக்கக் கூடாது.

பட்டத்தைத் தடுக்கும் அதிகாரத்தை ரிங்கில் நிற்கும் மருத்துவரிடம் கொடுப்பதையும் எதிர்க்கிறேன். 2012இல் பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 15 இனங்களில் இனச் சிறப்பு வென்ற நாயைத் தனி மருத்துவர் பார்த்து ஆறைத் திருப்பி அனுப்பினார்கள். பெக்கினீஸ், புல்டாக், கிளம்பர் ஸ்பேனியல், பாசெட், மாஸ்டிஃப், நியோபாலிட்டன் மாஸ்டிஃப். காலையில் நடுவர் கொடுத்ததை மாலைக்குள் மருத்துவர் பறித்தார். சண்டை நிற்கவே இல்லை. சான்று நுழைவுப் படிவத்தோடு வரட்டும், ரிங்கில் நாடகம் வேண்டாம்.

#16 அலைவரி

ஒத்துக்கொள்கிறேன். அன்று பார்த்தது கண், தோல், மூச்சு, நடை. அவை கண்ணுக்குத் தெரிபவை. ஒரு காது செவிட்டை ரிங்கில் எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது. கயிறு இழுக்கும் பக்கம் நாய் போகும், ஹேண்ட்லர் கையசைவைப் பார்த்து நிற்கும்.

#17 ஆவணப்பெட்டி

நடுவர் பக்கமும் பேச வேண்டும். எஃப்சிஐ விதிப்படி கடந்த ஆறு மாதத்துக்குள் தான் வைத்திருந்த, பராமரித்த, விற்ற நாயை ஒருவர் நடுவராக இருந்து பார்க்கக் கூடாது. எழுத்துக் குறிப்புடன் பார்க்கும்போது மணிக்கு 20 நாய், நாளுக்கு 80 என்பது கணக்கு. உள்நாட்டு இனத்துக்கு ஆறு மாதம் போதாது. வளர்ப்பவர், விற்பவர், நடுவர் மூவரும் ஒரே சிறு வட்டத்துக்குள் இருக்கிறார்கள். தகப்பன் கடுவன் நடுவருடையதாக இருந்தாலும் விலக வேண்டும் என்று நேரடியாக எழுத வேண்டும். எழுத்துக் குறிப்பும் கட்டாயம் வேண்டும். திட்டு இருப்பதால் தள்ளினாரா, மார்பு அகலத்தால் தள்ளினாரா என்று இப்போது யாருக்கும் தெரிவதில்லை.

#18 தாய்ப்பெட்டை

சட்டத்தையும் மறக்காதீர்கள். 2017 மத்திய நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியப் பதிவு இல்லாமல் குட்டி எடுத்து விற்க முடியாது. பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒரு ஈத்து, ஆயுளில் ஐந்து, குட்டிக்கு எட்டு வாரம் ஆகாமல் விற்கக் கூடாது. நம் மாநிலத்தின் 2024 இனப்பெருக்கக் கொள்கை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி நான்கையும் முன்னிறுத்தியது. அரசு பணம் போடுவதாக இருந்தால் முதல் செலவு பேயர் முகாமாக இருக்கட்டும். கோப்பையும் பரிசுப் பணமும் அப்புறம்.

எட்டு வார விதி இங்கே கைகொடுக்கிறது. ஐந்து வாரத்தில் சோதனை, எட்டில் விற்பனை. நடுவில் மூன்று வாரம் இருக்கிறது.

#19 செவிப்பறை

இதுவரை பேசியதை வைத்து வரைவு. அனுப்புவதற்கு முன் குறை சொல்லுங்கள்:

"நிறம்: வெள்ளை. தலையிலும் காதிலும் எந்த நிறத் திட்டும் ஏற்கத்தக்கது. உடம்பில் திட்டுள்ளவை தனி வகுப்பில் மதிப்பிடப்படும். இரு வகுப்புகளுக்கிடையே இணை சேர்க்கலாம். மூக்கு: இளஞ்சிவப்பு முதல் முழு நிறம் வரை, எதுவும் குறையல்ல. நீலக் கண்: தகுதி நீக்கம். செவி: இரு காதும் கேட்கும் என்ற பேயர் சான்று இன்றி சாம்பியன் பட்டமும், கடுவனாயின் ஈத்துப் பதிவும் இல்லை. முதல் மூன்றாண்டு பெட்டைக்கு விலக்கு, இரு காதும் கேளாதவை நீங்கலாக."

பெட்டைக்கு விலக்கு கொடுத்தது தாய்ப்பெட்டை அம்மா சொன்ன காரணத்துக்காக. கடுவன் ஒன்று நாற்பது ஈத்துக்குத் தகப்பனாகலாம், பெட்டைக்குச் சட்டப்படி ஐந்துதான். இடுக்கி பிடிக்க வேண்டிய இடம் கடுவன்.

#20 அலைவரி

இரண்டு இடத்தில் ஓட்டை. "பேயர் சான்று" என்று மட்டும் எழுதினால் ஈத்துக்கு ஒரு தாள் வாங்கி வந்துவிடுவார்கள். ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக, இடது வலது அலைவரி அச்சோடு, 15 இலக்க சிப் எண்ணோடு என்று எழுதுங்கள். சிப் சோதனைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், மேசையில் வைத்து வாசித்து எண்ணைத் தாளில் ஏற்ற வேண்டும். பிறகு போட்டால் எட்டு வெள்ளைக் குட்டியில் எது எது என்று கடவுளுக்கே தெரியாது.

இரண்டாவது, செவிட்டு முடிவுகளும் பதிவேட்டில் ஏற வேண்டும். நல்ல குட்டியின் தாளை மட்டும் அனுப்பி மற்றதை மறைத்தால், எந்தக் கடுவன் செவிட்டுக் குட்டி கொடுக்கிறான் என்ற கணக்கே வராது. இது ஒற்றை மரபணு விஷயம் அல்ல, கடத்தியைக் காட்ட டிஎன்ஏ சோதனை கிடையாது. முழு ஈத்தின் முடிவு வந்தால்தான் அந்த ஈத்தில் யாருக்கும் பேப்பர் என்று வையுங்கள்.

#21 மூன்றாம் ரிங்

"தலையிலும் காதிலும் எந்தத் திட்டும்" என்பதில் அளவு போடுங்கள். தலை முழுக்கக் கருப்பாக வந்தால் எந்த வகுப்பு என்று ரிங்கில் நின்று சண்டை வரும். கழுத்துப் பட்டை விழும் இடத்துக்கு முன்னால் என்று எல்லை வைத்தால் போதும். மற்றபடி என் கையெழுத்து உண்டு.

#22 கரிசக்காடு

முகாம் எப்போன்னு சொல்லுங்க, எங்க பக்கம் பத்துப் பன்னிரண்டு நாய் வரும். பாதிக்குப் பேப்பர் கிடையாது, ரெண்டுக்குக் காதுல திட்டு.